நாக்கில் ஏறிய ஸ்விங்

மூன்று ஷாக்கு என்றால் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். போர்க்கால டோக்கியோவில் பாடகி ஷிசுகோ கசாகிக்குக் காவல்துறை விட்டுவைத்த மேடை அவ்வளவுதான். மைக்கைச் சுற்றி மூன்று ஷாக்கு சதுரம், அதைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. பாட்டைவிட உடம்பில்தான் எதிரி நாட்டு இசை ஒளிந்திருக்கிறது என்று அதிகாரிகள் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவகையில் அவர்கள் சொன்னது சரி. ஸ்விங் என்ற ஜாஸ் நடை சுரத்தாளில் இல்லை. முழங்காலில், மூச்சில், எல்லாவற்றுக்கும் மேலாக நாக்கில் இருக்கிறது.

ஜப்பானியப் பெண்களின் ஜாஸ் என்றதும் கிமோனோ, பள்ளிச் சீருடை, "இவர்களா இப்படி வாசிக்கிறார்கள்!" என்ற வாய்பிளப்பு, இப்படியே பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் ஆர்வமில்லை. எல்லா அசைகளும் ஒரே நீளத்தில் வரும் ஒரு மொழியைப் பேசும் வாய், நெட்டையும் குட்டையுமாக நொண்டி நடக்கும் ஒரு தாளத்தை எப்படிப் பிடித்தது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்விங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓர் அடியை இரண்டு சம பாதியாக வெட்டினால் அணிவகுப்பு இசை. அதே அடியை மூன்றாக வெட்டி, முதல் இரண்டைச் சேர்த்து இழுத்து, மூன்றாவதைக் குட்டையாக விட்டால் ஸ்விங். திஸ்ர நடையில் "தகிட, தகிட" என்று சொல்லிக்கொண்டே நடுவில் உள்ள "கி"யை விழுங்கிப் பாருங்கள். "த..ட த..ட" என்று நிற்பதுதான் அது. ஆனால் இந்த 2:1 கணக்கு நடுத்தர வேகத்துக்கு மட்டும். வேகம் ஏற ஏற நெட்டையும் குட்டையும் நெருங்கும்; நிமிடத்துக்கு 280, 300 அடி என்று போனால் கிட்டத்தட்ட சமமாகிவிடும். வேகமான பாட்டிலும் 2:1-ஐ விடாமல் பிடித்திருந்தால் குதிரை வண்டி ஓடுவது போல ஒலிக்கும். புதிதாகக் கற்கும் குழுவை இதை வைத்தே அடையாளம் காணலாம்.

ஆங்கிலத்தில் ஓர் அசைக்கு அழுத்தம் விழும், அடுத்தது நழுவும். அந்த ஏற்ற இறக்கமே பாதி ஸ்விங்கைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஜப்பானிய மொழியில் அந்த வசதி இல்லை. அங்கே நமது மாத்திரையைப் போன்ற ஓர் அளவு உண்டு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது வரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். வேறுபாடு ஒற்றில். நமக்கு ஒற்று அரை மாத்திரை. அவர்களுக்கு முழு மாத்திரை. "நிப்பொன்" என்ற சொல் நம் கணக்கில் மூன்று, அவர்கள் கணக்கில் நான்கு. சொல்லின் நடுவில் வரும் "ப்" என்ற மௌனத்துக்குக்கூட ஒரு முழு இடம். இந்தச் சொற்களை, அடிக்கு இரண்டாக வரும் எட்டாம் பங்கு சுரங்களில் ஒன்றுக்கு ஒன்றாக உட்கார வைத்தால் தட்டச்சுப் பொறிதான் கேட்கும்.

இசையமைப்பாளர் ரியோஇச்சி ஹட்டோரி இதற்குக் கண்ட வழி எளிமையானது: சொல்லைக் குறை. கசாகி 1914-இல் பிறந்தவர். தகராசுகா பெண்கள் நாடகக் குழுவில் இடம் கிடைக்காமல் 1927-இல் ஒசாகாவின் ஷோச்சிக்கு குழுவில் சேர்ந்தவர். 1938-இல் டோக்கியோவின் இம்பீரியல் திரையரங்குக்கு வந்தபோதுதான் ஹட்டோரியைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே இருவரும் சேர்ந்து பதிவு செய்த ஒரு பாட்டில் டிரம்பெட்டும் பாடகியும் சண்டை போடுவார்கள். டிரம்பெட் ஒன்று சொல்லும். கசாகி பொருளற்ற அசைகளில் திருப்பிக் கொடுப்பார். பொருள் இல்லாததால் மாத்திரைக் கணக்கும் இல்லை. "ட", "த", "ஜ" போன்ற மெய்களை எங்கே வேண்டுமானாலும் தட்டலாம், உயிரை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். 1939-இல் பதிவான ஒலி அது. இன்று கேட்டாலும் பின்னால் உள்ள குழுவைவிடப் பாடகியே அதிகமாக ஸ்விங் செய்கிறார் என்பது என் தீர்ப்பு.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1940 அக்டோபர் இறுதியோடு நடன மண்டபங்கள் போயின. 1943 ஜனவரியில் அமெரிக்க, பிரிட்டிஷ் பாடல்கள் ஏறத்தாழ ஆயிரம் தடைப் பட்டியலில் ஏறின. வாசித்தவர்கள் ஜாஸையே "மெல்லிசை" என்று பெயர் மாற்றி ஒப்பேற்றினார்கள்.

போர் முடிந்து 1947-இல் கசாகியின் காதலர் இறந்தார்; சில நாட்களில் மகள் பிறந்தாள். கைக்குழந்தையோடு மேடைக்குத் திரும்ப வேண்டியிருந்தவருக்காக ஹட்டோரி எழுதியதுதான் "டோக்கியோ பூகி ஊகி". சுவோ தடத்து ரயிலில் வீடு திரும்பும்போது பெட்டியின் ஆட்டமும் மேலே தொங்கும் கைப்பிடிகளின் அசைவும் தாளத்தைக் கொடுத்தன. இறங்கியவுடன் ஒரு காபிக் கடையில் காகிதக் கைக்குட்டையில் மெட்டைக் குறித்துக்கொண்டார். வரிகளை எழுதிய மசாரு சுசுகி, ஜென் அறிஞர் டி.டி. சுசுகியின் வளர்ப்பு மகன். 1947 செப்டம்பரில் பதிவு, 1948 ஜனவரியில் வெளியீடு. இந்தப் பாட்டின் தந்திரம் தலைப்பிலேயே இருக்கிறது. "பு-கி-உ-கி" என்ற நான்கு மாத்திரையும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நெட்டை-குட்டை, நெட்டை-குட்டை என்று தானாகக் குதிக்கும். மொழி எங்கே வளையுமோ அங்கே பார்த்துத் தாளத்தை வைத்திருக்கிறார்.

அமெரிக்கப் படை முகாம்களின் கேளிக்கை மன்றங்கள் இன்னொரு பள்ளிக்கூடம். அங்கே வாசிக்கும் குழுக்களுக்குத் தேர்வு வைத்துத் தரம் பிரித்தார்கள். தரத்தைப் பொறுத்துக் கூலி. கேட்பவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் தாளத்தில் பொய் சொல்ல முடியாது. சியெமி எரி பன்னிரண்டு வயது வாக்கிலேயே அங்கே பாடத் தொடங்கியவர். 1952 ஜனவரியில் வெளியான அவருடைய "டென்னசி வால்ட்ஸ்" பாதி ஆங்கிலம், பாதி ஜப்பானியம். மொழி மாறும் இடங்களில் காதை வைத்துக் கேளுங்கள். ஆங்கில வரியில் அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வரும் குரல், ஜப்பானிய வரியில் நிமிர்ந்து உட்காரும்.

பியானோவுக்கு நாக்கு இல்லை. அங்கே காதுதான் ஆசிரியர். டோஷிகோ அகியோஷி மஞ்சூரியாவில் 1929-இல் பிறந்து, போருக்குப் பின் எல்லாம் இழந்து ஜப்பானின் பெப்பு நகருக்கு வந்த குடும்பத்துப் பெண். 1946-இல் அங்கே ஒரு நடன மண்டபத்தில் பியானோ வேலை. அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வில்சனின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டதும்தான் ஜாஸ் பிடித்தது. பின்னர் யோகோஹாமாவில் 1933 முதல் இருந்த சிகுசா என்ற ஜாஸ் காபிக் கடையில் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதி எடுத்தார்.

இந்த எழுதி எடுக்கும் வேலை சொல்வது போல எளிதல்ல. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். முதலில் அடிக்குரல் சுரத்தை மட்டும் எழுத வேண்டும். பிறகு மேல்வரி மெட்டு. நடுவில் உள்ள சுரங்களை இந்த இரண்டையும் வைத்துத்தான் ஊகிக்க முடியும். மெட்டிலிருந்து தொடங்குபவர்கள் ராகத்தைப் பிடித்துவிட்டு, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் அடுக்கான சுரக்கோவையைக் கோட்டை விடுவார்கள். வேகமும் வில்லன்தான். தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுற்றினால் எல்லாம் அரைச் சுரம் உயர்ந்துவிடும். ஜப்பானில் இன்னொரு கூத்து உண்டு. கிழக்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. மின்னதிர்வை நம்பிச் சுழலும் மோட்டார் உள்ள கருவியை மேற்கிலிருந்து யோகோஹாமாவுக்கு அப்படியே கொண்டுவந்தால் மூன்று அரைச் சுரத்துக்கும் மேல் இறங்கி, துக்கம் விசாரிக்க வந்தது போல ஒலிக்கும்.

டெடி வில்சன் இடது கையில் அதிகம் வைப்பது பத்தாம் இடைவெளி, அதாவது ஒரு சுரமும் அதிலிருந்து எண்ணினால் பத்தாவதாக வரும் சுரமும். விசையின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் 21 சென்டிமீட்டர். எட்டாத கை அதை உடைத்து, கீழிருந்து மேலாக உருட்ட வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, கீழ்ச் சுரத்தை அடியின்மேல் வைப்பது. மேல் சுரம் தாமதமாகி இடது கை முழுதும் இழுபறியாகும். கீழ்ச் சுரத்தை ஒரு மயிரிழை முன்னால் தொடங்கி, மேல் சுரத்தை அடியில் இறக்க வேண்டும். டோஷிகோ பின்னர் பட் பவல் என்ற இன்னொரு பியானோ கலைஞரின் பாணிக்குப் போனார். அங்கே இடது கை இரண்டு சுரத்தோடு ஒதுங்கிக்கொள்ளும், வலது கைதான் பேசும்.

ஜப்பானுக்கு வந்த பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் இவர் வாசிப்பைக் கேட்டுப் பரிந்துரைக்க, 1953-இல் முதல் பதிவு. 1956-இல் பாஸ்டனின் பெர்க்லி இசைப் பள்ளியில் முதல் ஜப்பானிய மாணவர். கிமோனோவில் தொலைக்காட்சிக்கெல்லாம் அழைத்தார்கள். ஆனால் அவருடைய உண்மையான கருவி பியானோ அல்ல, பதினாறு பேர் கொண்ட குழு என்பேன். 1973-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கணவர் லூ டபாக்கினோடு தொடங்கிய அந்தக் குழு, நியூயார்க்குக்கு மாறி 2003 முடியும்வரை நடந்தது. எழுதியது அவர், வாசித்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க ஆண்கள்.

பெரிய குழுவின் வழக்கமான கட்டமைப்பு இது. சாக்ஸபோன் ஐந்து, மேல்குரலிலிருந்து கீழ்க்குரலாக: ஆல்ட்டோ இரண்டு, டெனர் இரண்டு, பாரிட்டோன் ஒன்று. டிரம்பெட் நான்கு, டிராம்போன் நான்கு, அவற்றில் ஒன்று பேஸ் டிராம்போன். பிறகு பியானோ, பேஸ் என்ற அடிக்குரல் தந்திக் கருவி, டிரம்ஸ். சாக்ஸபோன் வரிசைக்கு எழுதுவதில் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. நான்கு சுரங்களை நெருக்கமாக அடுக்கி, ஐந்தாவது ஆளுக்கு மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே கொடுத்துவிடுவது. பாதுகாப்பானது, இனிப்பானது, பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். டோஷிகோ ஐந்து பேருக்கும் ஐந்து வேறு சுரம் கொடுக்கிறார். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சாக்ஸபோனைக் கீழே வைக்கச் சொல்லிப் புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் எடுக்க வைக்கிறார். டபாக்கின் டெனரும் புல்லாங்குழலும் சமமாக வாசிப்பவர் என்பதால் தனி வாசிப்பின் நிறமும் இந்த வரிசையோடு சேர்ந்து மாறும்.

கேட்க அழகு. வாசிக்கப் போனால்தான் வலி தெரியும். ஒரு சாக்ஸபோன்காரர் கருவி மாற்ற நான்கு தாளவட்டமாவது (வட்டத்துக்கு நான்கு அடி) வேண்டும். நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் நான்கு வட்டம் என்பது வெறும் ஆறு விநாடி. அதற்குள் ஒன்றைத் தாங்கியில் நிறுத்தி, மற்றதை எடுத்து, உதட்டை மாற்ற வேண்டும். சாக்ஸபோனுக்குக் கீழுதடு பல்லின்மேல் மடிந்து நாணல் தகட்டைப் பிடிக்கிறது. அந்த இறுக்கத்தோடு புல்லாங்குழலை ஊதினால் காற்றுதான் வரும், சுரம் வராது. கிளாரினெட் இன்னும் பொல்லாதது. சாக்ஸபோனில் மேல்விசையை அழுத்தினால் ஒரு ஸ்தாயி ஏறும். கிளாரினெட்டில் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். பழகிய விரலே காலை வாரும்.

சுருதியும் சேர்ந்து படுத்தும். குளிர்ந்த புல்லாங்குழல் தாழ்ந்தே பேசும். உள்ளே உள்ள காற்று ஒரு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 3 சென்ட் இறக்கம். (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்.) பத்து டிகிரி குறைவாக இருந்த குழலை எடுத்து உடனே ஊதினால் 30 சென்ட் கீழே நிற்பீர்கள். தனியாக வாசித்தால் சமாளிக்கலாம். பக்கத்துச் சுரத்தை இன்னொருவர் பிடித்திருக்கும்போது ஊளையாகிவிடும். பழகியவர்கள் செய்வது: முந்தைய ஓய்வில் குழலை மடியில் எடுத்து, ஊதுதுளையை வாயால் முழுதாக மூடி, சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சை இரண்டு மூன்று முறை உள்ளே அனுப்புவார்கள். சுரத்தாளில் "மாறு" என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நான்கு வட்டம் முன்பே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பதும் இதற்காகத்தான். புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி மெலிந்தது என்பதால் அந்த இடங்களில் பித்தளை வரிசை அடைப்பான் போட்டு அடங்க வேண்டும். அடங்காத டிரம்பெட்காரர் ஒருவர் போதும், ஐந்து குழலும் காணாமல் போகும்.

1974-இல் பதிவான "கோகுன்" இந்தக் குழுவின் முதல் தட்டு. அந்த ஆண்டு மார்ச்சில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டிலிருந்து வெளியே வந்த ஹிரூ ஓனோடா என்ற ஜப்பானிய ராணுவ அதிகாரி, போர் முடிந்ததை நம்பாமல் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு இருந்தவர். அவரை வைத்து எழுதிய தலைப்புப் பாட்டில் ஜப்பானின் பழைய நாடக வகையான "நோ"வின் குரலும் சுசுமி என்ற கைப்பறையும் ஒலிநாடாவிலிருந்து வருகின்றன. இங்கே ஒரு முடிச்சு. சுசுமி அடிப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அடிக்கும் அடிக்கும் இடையே "மா" என்கிற இடைவெளி இழுபடும், சுருங்கும். அந்த இடைவெளிக்குள் "யோ" என்ற கூவல் தொங்கும். ஜாஸ் குழுவின் தாளமோ நெகிழாத ரயில் தண்டவாளம். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் இரண்டும் சாகும். அதனால் குழு தன் தாளத்தில் போகிறது. நாடாவின் ஒலி குறுக்கே விழும் நிழல் போல வந்து போகிறது. இரண்டையும் ஒட்டவில்லை என்பதே அதன் அழகு. "ஜாஸோடு ஜப்பானிய இசையைக் கலந்தார்" என்று எழுதுபவர்கள் இதைக் கவனமாகக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

1976-இன் "இன்சைட்ஸ்" தட்டில் பாதரச நஞ்சால் சிதைந்த மினமாதா ஊரைப் பற்றி இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் தொகுப்பு உண்டு. அதன் தொடக்கத்தில் பாடும் சிறுமி டோஷிகோவின் மகள் மிச்சிரு. டோஷிகோவுக்குப் பதினான்கு முறை கிராமி பரிந்துரை, ஒருமுறையும் விருதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; கணக்கு அப்படி.

டோஷிகோ விட்ட இடத்திலிருந்து எழுத்தை எடுத்தவர் என்று யாரையாவது சொல்வதானால் மிஹோ ஹசாமா. 1986-இல் டோக்கியோவில் பிறந்தவர்; 2019-இல் டேனிஷ் ரேடியோ பிக் பேண்டின் தலைமை நடத்துநரானவர். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் தாட் ஜோன்ஸ், பாப் புரூக்மேயர் எல்லாம் இருந்த நாற்காலி அது. அவருடைய சொந்தக் குழுவான எம்-யூனிட்டில் பதின்மூன்று பேர். நான்கு தந்திக் கருவிகளும் உண்டு. பியானோ கலைஞர் ஹிரோமி உஎஹாராவைத் தெரியாதவர் குறைவு. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே விடுகிறேன்.

மீண்டும் நாக்குக்கு வருவோம். ஜப்பானின் பள்ளிக் காற்றிசைக் குழுக்களில் பெரும்பான்மை மாணவிகள். இன்றைய ஜப்பானியப் பெண் சாக்ஸபோன்காரர்களில் பலர் இந்த வாசல் வழியாக வந்தவர்கள். 2004-இல் வந்த "ஸ்விங் கேர்ள்ஸ்" படத்துக்குத் தூண்டுதல் ஹியோகோ மாநிலத்துத் தகசாகோ உயர்நிலைப் பள்ளியின் ஜாஸ் குழு. நடித்த பெண்கள் கருவிகளைக் கற்று, படத்தில் தாங்களே வாசித்தார்கள். கியோட்டோ தச்சிபானா பள்ளியின் ஆரஞ்சுச் சீருடை அணிவகுப்புக் குழு இன்னொரு வகை. 2012, 2018, 2025 ஆண்டுகளில் அமெரிக்காவின் பசடீனா நகர ரோஸ் பவனியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் ஆடிக்கொண்டே வாசித்தவர்கள். குதித்து இறங்கும்போது அதிர்வு முழங்காலிலேயே நின்றுவிட வேண்டும். கழுத்துவரை ஏறினால் ஊதுவாய் பல்லில் இடித்து உதடு கிழியும். தலை ஒரே உயரத்தில் மிதக்க, கீழே கால்கள் மட்டும் துள்ளுவதைப் பார்த்தால் புரியும்.

காற்றிசைக் குழுவில் மூன்று ஆண்டு ஊறிய நாக்கு ஜாஸுக்கு வந்தால் முதலில் தகராறுதான். அங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் "த, த, த, த" என்று நாக்கு தட்ட வேண்டும், சுத்தமாக, சமமாக. ஸ்விங்கில் நாக்கு குட்டைச் சுரத்தில்தான் தட்ட வேண்டும். அங்கிருந்து அடுத்த அடியின் நெட்டைச் சுரத்துக்கு மூச்சை நிறுத்தாமல் வழுக்க வேண்டும். அடியின்மேல் தட்டினால் தடுமாற்றம், அடிக்கு முன் தட்டினால் ஸ்விங். கேட்க அற்பம், பழக மாதக்கணக்காகும். ஐந்து சாக்ஸபோனும் ஒரே இடத்தில் வழுக்காவிட்டால் வரிசை அழுக்காகக் கேட்கும். அதனால் முதல் ஆல்ட்டோ எங்கே நாக்கு வைக்கிறாரோ அதை மற்ற நால்வரும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கு, ஒருமை, மனப்பாடம் இவற்றில் இந்தப் பள்ளிக் குழுக்களை மிஞ்ச ஆளில்லை. பலவீனமும் அங்கேதான். தனி வாசிப்பையும் எழுதி வைத்து மனப்பாடமாக ஒப்பிக்கும் குழுக்கள் உண்டு. காது உடனே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அந்த இடத்தில் டிரம்ஸ்காரர் தனியாக வாசிப்பவரைக் கேட்பதை நிறுத்தியிருப்பார்.

இன்னொன்று "உரா", பின்தட்டு. ஜப்பானிய அவையோர் கைதட்டினால் பழக்கத்தில் ஒன்று, மூன்றாம் அடியில் விழும். ஜாஸில் தட்டு இரண்டிலும் நான்கிலும். டிரம்ஸ்காரர் காலால் மிதித்து மூடும் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டு ஒலிப்பதும் அங்கேதான். இதற்கான பயிற்சி: தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். அந்த ஒலியை ஒன்று என்று எடுக்காமல் இரண்டு, நான்கு என்று எடுங்கள்; பாட்டின் வேகம் 120. கருவி வேண்டாம், வாயாலேயே "தூ-தா, தூ-தா" என்று நெட்டையில் தொடங்கிக் குட்டையில் நாக்கை வையுங்கள். நான்கு வட்டம் தாண்டியதும் பெரும்பாலோருக்கு ஒலி நைசாகப் புரண்டு ஒன்றிலும் மூன்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். மூளை பழைய வீட்டுக்கு ஓடுகிறது. அப்போது நிறுத்தாதீர்கள், ஓர் அடியை விட்டுவிட்டு, இடது காலைத் தரையில் வைத்து மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். புரளாமல் முப்பத்திரண்டு வட்டம் போனபின் மெட்ரோனோமை 30-க்கு இறக்கி, ஒலியை நான்காம் அடியில் மட்டும் கேளுங்கள். அதற்கப்புறம்தான் சாக்ஸபோனைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.